பக்கத்தில் நிற்கும் வைத்தியம்



இந்த மாதப் பாடத்தை ஒரு மன்னிப்போடு தொடங்க வேண்டியிருக்கிறது. போன வருஷம் நம் கிளையின் புலனக் குழுவில் நான் ஒரு செய்தி போட்டேன். சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

"எங்க ராணிக்குப் புற்றுநோய்னு சொன்னாங்க. கீமோ எதுவும் பண்ணல. மூலிகைச் சொட்டு மருந்து மட்டும்தான் கொடுத்தோம். ரெண்டே வாரத்துல கட்டியெல்லாம் கரைஞ்சு போச்சு. வேணுங்கிறவங்க தனியா கேளுங்க, நம்பர் தர்றேன்."

ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேருக்கும் கொடுத்தேன். அந்தச் செய்தி தவறு என்று எனக்குத் தெரிய வந்தபோது மூன்று வாரம் கடந்துவிட்டது. திருத்தி இரண்டு வரி போட்டேன். ஆனால் முதல் செய்தி போன தூரம் இரண்டாவது போகவில்லை. 'கட்டி கரைந்தது' என்பதை எல்லாரும் மற்ற குழுக்களுக்கு அனுப்பினார்கள். 'கட்டி திரும்பி வந்தது' என்பதை யாரும் அனுப்பவில்லை. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன். வீட்டில் நாய், பூனை வளர்க்கிறவர்கள் படியுங்கள். வளர்க்காதவர்களும் படியுங்கள், ஏன் என்பது போகப் போகப் புரியும்.

ராணியின் கழுத்தில் ஒரு நெறி

ராணி எங்கள் தாமானில் பிறந்த கலப்பின நாய். ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கோலிக்குண்டு மாதிரி கையில் தட்டியது. நமக்குக் காய்ச்சல் வந்தால் நெறி கட்டுமே, அது மாதிரி. ஆனால் ராணிக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, சாப்பாடும் குறையவில்லை. ஒரு வாரம் பார்ப்போம் என்று விட்டேன். அடுத்த வாரம் தோளுக்கு முன்னாலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் தட்டியது.

கால்நடை மருத்துவர் மெல்லிய ஊசி வைத்துக் கட்டியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். லிம்போமா என்று வந்தது. நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். நாய்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

மருத்துவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலும் ஒன்று, இரண்டு மாதம். ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் கட்டி சீக்கிரம் வற்றும், ஆனால் சில வாரங்களில் திரும்பி வரும். பல மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தால் பத்தில் எட்டு நாய்க்கு மேல் நோய் அடங்கும், ஏறக்குறைய ஒரு வருஷம் நல்லபடியாக வாழ வாய்ப்புண்டு. "அடங்கும்னுதான் சொல்றேன், குணமாகும்னு சொல்லல," என்றும் சேர்த்துச் சொன்னார்.

கீமோ என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு என் சின்னம்மாதான் கண்முன் வந்தார். முடி கொட்டி, வாந்தி எடுத்து, மெலிந்து போன சின்னம்மா. "வேண்டாம் டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன். நாய்களுக்குக் கொடுக்கும் கீமோ அப்படிப்பட்டதல்ல என்பதை நான் கேட்கவே இல்லை. நாய்க்கு அளவைக் குறைத்தே கொடுக்கிறார்கள். இருக்கிற நாளை நிம்மதியாக வாழ வைப்பதுதான் நோக்கம். பெரும்பாலான நாய்களுக்கு முடி கொட்டுவதில்லை. இரண்டு நாள் சோர்வு, லேசான குமட்டல், வயிற்றுப்போக்கு, இதுதான் பொதுவாக வருவது. இதையெல்லாம் அன்றே பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

சொட்டு மருந்து

ஒரு நண்பரின் மூலமாக ஒருவரின் தொடர்பு கிடைத்தது. நூறு விழுக்காடு மூலிகை, மனிதருக்கும் கொடுக்கலாம், நாய்க்கும் கொடுக்கலாம் என்றார். சின்ன பாட்டில், 180 ரிங்கிட். பாட்டிலில் இலைப் படம் இருந்தது. என்னென்ன சேர்த்திருக்கிறது என்று இல்லை, பதிவு எண் இல்லை, தயாரித்த இடம் இல்லை. அதெல்லாம் அப்போது என் கண்ணில் படவில்லை. அந்த இலைப் படம் மட்டும்தான் பட்டது.

இரண்டு வாரத்தில் கட்டிகள் நிஜமாகவே வற்றின. ராணிக்கு அகோரப் பசி. தண்ணீரைக் குண்டான் குண்டானாகக் குடித்தாள். ராத்திரி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தாள். அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, "பசி வந்தா நோய் போகுதுன்னு அர்த்தம்டா" என்றார். நானும் நம்பினேன். அன்று ராத்திரிதான் அந்தச் செய்தியைப் போட்டேன்.

ஐந்தாவது வாரம் எல்லாக் கட்டியும் திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக. மூச்சு விடும்போது ஒரு கரகரப்பு. அதே மருத்துவரிடம் தலை குனிந்து போனேன். அவர் திட்டவில்லை. மூன்றே கேள்வி கேட்டார்.

"ரொம்பத் தண்ணி குடிச்சாளா? ரொம்பப் பசிச்சுதா? வீட்டுக்குள்ளயே யூரின் போனாளா?"

மூன்றுக்கும் ஆமாம் என்றேன்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். சோதிக்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அறிகுறியெல்லாம் அப்படித்தான் இருக்கு," என்றார்.

நம் நாட்டில் இது புதிதல்ல. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. லிம்போமாவுக்குக் கொடுக்கும் கீமோவிலேயே அதுவும் ஒரு பகுதி. ஆனால் முதலில் அதை மட்டும் தனியாகக் கொடுத்துவிட்டால், புற்றணுக்கள் மற்ற மருந்துகளுக்கும் பிடி கொடுக்காமல் பழகிவிடும். பிறகு கீமோ கொடுத்தாலும் பலன் குறையும். என் ராணிக்கு நான் செய்தது அதுதான். பணம் போனதை விடுங்கள். காலம் போனது, வாய்ப்பும் சுருங்கியது.

துணை வேறு, மாற்று வேறு

இனி பாடத்துக்கு வருவோம். இரண்டு சொற்களை நாம் குழப்பிக்கொள்கிறோம்.

துணை மருத்துவம் என்பது மருத்துவரின் சிகிச்சைக்குப் பக்கத்தில் நிற்பது. வலியைக் குறைப்பது, பசியைக் கிளப்புவது, பயத்தைத் தணிப்பது அதன் வேலை. மாற்று மருத்துவம் என்பது அந்தச் சிகிச்சையை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காருவது. ஒரே எண்ணெயும் ஒரே ஊசியும் எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் துணையாகவும் ஆகலாம், மாற்றாகவும் ஆகலாம். முழுமைநோக்கு மருத்துவம் என்று இப்போது எல்லாரும் சொல்வதன் நல்ல பொருள், கட்டியை மட்டும் பார்க்காமல் அந்த உயிரின் சாப்பாடு, தூக்கம், நடை, மனநிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. அப்படிப் பார்க்கிற மருத்துவர் கீமோவையும் பார்ப்பார். கீமோவே கூடாது என்கிறவர் முழுமையைப் பார்க்கவில்லை, பாதியைத்தான் பார்க்கிறார்.

வாசலில் பூத்த மருந்து

தாமதமானாலும் கீமோ தொடங்கினோம். முதல் ஊசியின் பெயர் வின்கிரிஸ்டின். "இது எதுல செய்யறது டாக்டர்?" என்று அம்மா கேட்டார். மருத்துவர் சிரித்துவிட்டு, "உங்க வீட்டு வாசல்ல இருக்கும் ஆன்ட்டி. நித்தியகல்யாணிப் பூ" என்றார்.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். தினமும் காலையில் சாமிக்குப் பறிக்கிற பூ அது. மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகமெல்லாம் பரவிய செடி.

அம்மாவின் அடுத்த கேள்வி நீங்களும் கேட்கக்கூடியதுதான். "அப்ப அந்த எலையையே அரைச்சுக் கொடுத்திருக்கலாமே?"

அதற்கு மருத்துவர் ஒரு கதை சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் கொஞ்சம் நித்தியகல்யாணி இலை வந்தது. அங்கே அதைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் போட்டுக் குடிக்கிறார்கள் என்ற குறிப்போடு வந்தது. ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் தொற்று நோயில் செத்துப் போயின. ஏன் என்று பார்த்தால், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. இப்படி வெள்ளை அணுவைக் குறைக்கிற பொருள், வெள்ளை அணுவே பெருகிக் கெடுக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவாதா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. அவரும் சார்லஸ் பீர் என்பவரும் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்றைக்குக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், நாய்களின் லிம்போமாவுக்கும் அது கைகொடுக்கிறது. தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் ஒரு தொற்றுப் புற்றுநோய் உண்டு. அதை வாரம் ஓர் ஊசி என்று சில வாரம் வின்கிரிஸ்டின் போட்டே பெரும்பாலும் குணமாக்கிவிடுகிறார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எலியைக் கொன்றதும் நாயைக் காப்பாற்றுவதும் ஒரே செடி. டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம்தான் மருந்து கிடைக்கும். அதை நாயின் எடைக்குக் கணக்குப் போட்டு, இரத்தம் சோதித்து, சரியாக நரம்புக்குள்தான் ஏற்ற வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். அரைத்த இலையில் எவ்வளவு விஷம், எவ்வளவு மருந்து என்று யாருக்கும் தெரியாது.

இயற்கையா செயற்கையா என்ற சண்டையே எனக்கு அன்றோடு போய்விட்டது. நான் பயந்து ஓடிய கீமோ ஒரு பூச்செடியிலிருந்து வந்தது. மூலிகை என்று நம்பி வாங்கிய பாட்டிலில் இருந்தது அநேகமாகத் தொழிற்சாலை ஸ்டீராய்டு.

"நம்ம வைத்தியத்தைக் குறை சொல்றீங்களா அண்ணா?"

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டான். நல்ல கேள்வி. நம் முன்னோர் விலங்கு வைத்தியத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யானைக்கென்றே பாலகாப்பியர் பெயரில் ஹஸ்த்யாயுர்வேதம் இருக்கிறது. குதிரைக்கென்றே சாலிஹோத்திரர் பெயரில் நூல் இருக்கிறது. ஏன் தனித்தனியாக எழுதினார்கள்? யானையின் உடம்பு வேறு, குதிரையின் உடம்பு வேறு, மனிதன் உடம்பு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படியிருக்க, பாட்டிக்குக் கொடுத்த கஷாயத்தை அப்படியே பூனைக்கு ஊற்றுவதை மரபு என்று சொல்லலாமா?

வெங்காயமும் பூண்டும் நமக்கு மருந்து. நாய், பூனைக்கு அது இரத்தச் சிவப்பணுவை உடைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாம் தலைவலிக்குப் போடும் பாராசித்தமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாம் முகர்ந்து பார்க்கும் தேயிலை மர எண்ணெயைப் பூனையின் தோலில் தேய்த்தாலே ஆபத்து. பூனையின் ஈரலுக்கு இவற்றை உடைத்து வெளியேற்றும் சக்தி குறைவு.

எவை துணை நிற்கும்?

ராணிக்காக மருத்துவர் ஒப்புக்கொண்டவற்றையும், ஏன் என்பதையும் சொல்கிறேன்.

*மீன் எண்ணெய்.* 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் லிம்போமா உள்ள 32 நாய்களில் ஒரு பகுதிக்குக் கீமோவோடு மீன் எண்ணெயும் அர்ஜினினும் சேர்த்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். சில நாய்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் கூடியது. சின்ன ஆய்வுதான். கீமோவோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், கீமோவுக்குப் பதிலாக அல்ல. அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும், எனவே அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

*அக்குபங்சர்.* விலங்குகளுக்கான அனைத்துலக அக்குபங்சர் சங்கம் 1974இலேயே தொடங்கப்பட்டது. இது கட்டியைக் கரைக்காது. வலிக்கும் குமட்டலுக்கும் மற்ற மருந்துகளோடு சேர்த்து உதவலாம். கட்டியின் மேல் ஊசி குத்தக்கூடாது. செய்பவர் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும்.

*தடவிக் கொடுப்பது.* மெதுவாக, முதுகிலும் காலிலும். கட்டியை மட்டும் அழுத்தவே கூடாது. சில தோல் கட்டிகளை அழுத்தினால் அதிலுள்ள இரசாயனம் வெளியாகி வீக்கமும் வாந்தியும் வரும்.

*சாப்பாடு.* வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் வாசம் எழும்பும், பசி வரும். பச்சை இறைச்சி வேண்டாம். கீமோ ஊசிக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் வெள்ளை அணு குறையும்போது, பச்சை இறைச்சியிலுள்ள கிருமி உயிருக்கே உலை வைக்கும்.

*மஞ்சள்.* அம்மாவுக்கு இதில்தான் ஏமாற்றம். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் மஞ்சளின் குர்குமின் புற்றணுவைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் வயிற்றுக்குள் போனால் மிகக் கொஞ்சம்தான் உடம்பில் சேர்கிறது. மிளகு சேர்த்தால் கூடச் சேரும். ஆனால் மிளகு மற்ற மருந்துகளின் அளவையும் ஏற்றிவிடக்கூடும். சோற்றில் ஒரு சிட்டிகை சரி, மருந்தாகக் கொடுப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான்.

*காளான்.* 2012இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரத்தக்குழாய்ப் புற்றுநோய் வந்த 15 நாய்களுக்கு ஒருவகைக் காளான் சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் முடிவு வந்தது. உலகமெங்கும் விற்பனை சூடுபிடித்தது. பிறகு கூடுதல் நாய்களோடு அதே பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், கீமோவுக்கு ஈடாக அது நிற்கவில்லை என்று தெரிந்தது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை. என் புலனச் செய்தி மாதிரியேதான்.

அம்மா கடைசியாக, "திருநீறு பூசலாமா டாக்டர்?" என்று கேட்டார். "தாராளமாப் பூசுங்க ஆன்ட்டி. சாப்பிட மட்டும் கொடுக்காதீங்க" என்றார் மருத்துவர். அன்றிலிருந்து ராணி நெற்றியில் பட்டையோடுதான் ஊசிக்குப் போனாள்.

இன்னொன்று. கீமோ கொடுத்த முதல் சில நாள், நாயின் சிறுநீர், மலத்தில் மருந்து வெளியேறும். கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் பக்கத்தில் போகக்கூடாது.

வாங்குவதற்கு முன் நான்கு கேள்வி

1. உள்ளே என்ன இருக்கிறது? எழுதியிருக்கிறதா? நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்துக்கு 'எம்.ஏ.எல்' என்று தொடங்கும் எண் இருக்கும்.

2. சொல்கிறவர் யார்? விலங்குக்கு வைத்தியம் பார்ப்பவர் மலேசியக் கால்நடை மருத்துவர் மன்றத்தில் பதிவு செய்தவரா?

3. என் மருத்துவருக்கு இது தெரியுமா? "டாக்டர்கிட்ட சொல்லாதீங்க" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

4. இது விலங்குக்காகவா, எனக்காகவா? இதுதான் கஷ்டமான கேள்வி. நான் சொட்டு மருந்து வாங்கியது ராணிக்காக என்றுதான் நினைத்தேன். உண்மையில் சின்னம்மாவின் மரணத்தை மறுபடி பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதற்கு விலை கொடுத்தது ராணி.

நல்ல நாள், கெட்ட நாள்

ராணிக்குக் கீமோ ஓரளவு வேலை செய்தது. ஐந்து மாதம் கிடைத்தது. சாயங்காலம் வேலி வரை ஓடி, தபால்காரரின் மோட்டாரைக் குரைத்து விரட்டிய ஐந்து மாதம். பிறகு நோய் திரும்பியது.

கடைசிக் காலத்துக்கு மருத்துவர் ஒரு கணக்கு கற்றுக்கொடுத்தார். அலிஸ் வில்லாலோபஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்தது. ஏழு விஷயத்துக்குத் தலா பத்து மதிப்பெண்: வலி இல்லாமை, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. மொத்தம் 70. 35க்கு மேல் இருக்கும் வரை பராமரிப்பைத் தொடரலாம். தினமும் ராத்திரி ஒரு பள்ளிக்கூட நோட்டில் நானும் அம்மாவும் தனித்தனியாக மதிப்பெண் போட்டோம். என் மதிப்பெண் எப்போதும் அம்மாவுடையதைவிடக் கூட இருந்தது. எனக்கு விட மனமில்லை. அம்மா பார்த்ததுதான் சரி.

நோட்டில் 28 வந்த அன்று, கருணைக்கொலை பற்றிப் பேச வேண்டியதாயிற்று. "பாவமில்லையாடா?" என்று அம்மா கேட்டார். இதில் நம் பெரியவர்களிடையே ஒரே கருத்து இல்லை. கர்மத்தை அனுபவித்துத்தான் தீர வேண்டும் என்பவர்களும் உண்டு, துடிக்கும் உயிரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இம்சை என்பவர்களும் உண்டு. நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவே இரண்டு நாள் யோசித்து, "மூச்சுக்குப் போராடறா. போதும்" என்றார். மருத்துவர் வீட்டுக்கே வந்தார். ராணியின் தலை அம்மா மடியில் இருந்தது. ஊசி வலிக்கவில்லை. காலையில் சாமிக்கு வைத்த பூவில் ஒன்றை எடுத்து அம்மா அவள் பக்கத்தில் வைத்தார். அதே நித்தியகல்யாணிதான்.

அந்த ஏழு பேர்

நம்பர் வாங்கிய ஏழு பேரையும் நான் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினேன். ஐந்து பேர் வாங்கவில்லை. ஒருவர் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார், தூக்கிப் போடச் சொன்னேன். ஏழாவது நம் வகுப்புத் தங்கை ஒருத்தி. அவள் பூனைக்கு வாயில் புண்கட்டி. அண்ணன் சொன்னாரே என்று மூன்று வாரம் அந்தச் சொட்டைக் கொடுத்திருக்கிறாள். நான் அழைத்த பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுபோனாள். தாமதம் என்றார்கள். வலி மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். அந்த வார்த்தை என்னை இன்னும் விடவில்லை. நல்ல எண்ணத்தோடு சொன்னதால்தான் அவள் கேள்வி கேட்காமல் நம்பினாள். செல்லப்பிராணி இல்லாதவர்களும் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். நாளைக்கு உங்கள் கைப்பேசியிலும் இப்படி ஒரு செய்தி வரும், நாய்க்கோ, பாட்டிக்கோ. அனுப்புவதற்கு முன் அந்த நான்கு கேள்வியைக் கேளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வீட்டில் நாய், பூனை இருந்தால், தடவிக் கொடுக்கும்போதே தாடைக்குக் கீழ், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள். கட்டி ஏதும் தட்டினால் என்னை மாதிரி ஒரு வாரம் காத்திருக்காதீர்கள்.

வகுப்பில் பேச

1. துணை மருத்துவத்துக்கும் மாற்று மருத்துவத்துக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு அனுபவம் ஒன்றைக் கொண்டு விளக்குங்கள்.

2. நித்தியகல்யாணியின் கதையில் எலிகள் செத்தது தோல்வியா, கண்டுபிடிப்பா?

3. தவறான மருத்துவச் செய்தியை நீங்கள் அனுப்பிவிட்டால், அதைத் திருத்த எவ்வளவு தூரம் போவீர்கள்?

அடுத்த வாரம் வகுப்பில் சந்திப்போம். ராணியின் நோட்டைக் கொண்டு வருகிறேன். வேண்டுமானால் அதிலிருந்து ஒரு பக்கம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை எத்தனை குழுவுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.